எறும்பும் மண்வளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தில் எறும்புப் புற்றைக் கண்டதும் மருந்துப் பொடியைத் தேடுகிறவர்கள் நம்மில் அதிகம். பொடியைத் தூவும் முன் ஒரு முறை படித்துப் பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விவசாயம் செய்பவர்களும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

எறும்பு மண்ணுக்கு நல்லதா, கெட்டதா?

பெரும்பாலான எறும்புகள் நல்லதே செய்கின்றன. ஆனால் அவை சத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி வந்து ஓரிடத்தில் சேர்க்கின்றன. சேர்த்த இடத்தில் மண்ணைத் துளைத்து, காற்றும் தண்ணீரும் போக வழி செய்கின்றன. அதனால் பலன் புற்றிலும் அதை ஒட்டிய இடத்திலும் பளிச்சென்று தெரியும். வயல் முழுக்க ஒரே சீராகத் தெரியாது. எந்த வகை எறும்பு, எப்படிப்பட்ட மண், வருடத்துக்கு எத்தனை உழவு என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். பெயர் சூட்டப்பட்ட எறும்பு இனங்களே 14,000க்கு மேல் இருப்பதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது.

இத்தனை சின்னப் பூச்சியால் நிலத்தை மாற்ற முடியுமா?

எண்ணிக்கையைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 2022இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி உலகில் ஏறத்தாழ 20,000 லட்சம் கோடி எறும்புகள் இருக்கின்றன. அவற்றின் உடலில் உள்ள கரிமத்தை மட்டும் கூட்டினால் சுமார் 1.2 கோடி டன். மனிதர் வளர்க்காமல் இயற்கையில் வாழும் பறவைகள், பாலூட்டிகள் எல்லாவற்றின் கரிமத்தையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவுதான். எறும்புகளில் பெரும்பகுதி மண்ணுக்குள் வீடு கட்டுபவை. வீடு கட்ட மண்ணை வெளியே தள்ளத்தானே வேண்டும்?

சரி, சத்து எங்கிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளக் கரிசலிலோ செம்மண் தரிசிலோ உள்ள ஒரு விதை சேர்க்கும் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்தால் போதும். புற்று வாயிலைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கோ அதற்கு மேலோ, வைக்கோல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். கையில் அள்ளிப் பாருங்கள். அத்தனையும் புல் விதைகளின் உமி. நடுநடுவே வண்டின் சிறகு ஓடு, வெட்டுக்கிளிக் கால், செத்த எறும்புகளின் தலைகள். உள்ளே விதையை உரித்து, பருப்பை வைத்துக்கொண்டு, தோலை வெளியே கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. ஒரு எறும்பு உமியோடு வரும், வளையத்தின் விளிம்பில் போடும், திரும்பிப் போகும். நாள் முழுக்க இதே வேலை.

அந்தக் குப்பைதான் உரம். பூச்சி உடலில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், விதையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம். இவற்றோடு எறும்புகளின் எச்சமும், அறைகளில் கெட்டுப்போன உணவும், உரித்த கூட்டுத் தோல்களும் சேருகின்றன. புற்றுக்குள் காற்றோட்டம் உண்டு, அளவான ஈரம் உண்டு. நுண்ணுயிர்களுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். அவை இந்தக் குப்பையை மக்க வைத்து, வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாற்றுகின்றன.

அப்புறம், அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளின் இனிப்புக் கழிவையும் எறும்புகள் குடித்துவிட்டுப் புற்றுக்குக் கொண்டுவருகின்றன. மரத்தின் உச்சியில் இருந்த சர்க்கரை அப்படித்தான் மண்ணுக்குள் இறங்குகிறது. ஐரோப்பியக் காடுகளில் ஊசியிலைகளைக் குவித்து ஆள் உயரத்துக்கும் புற்று கட்டும் ஃபார்மிகா எறும்புகளுக்கு இதுவே முக்கிய உணவு.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

நிறையப் பேர். 2017இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. பக்கத்து மண்ணைவிடப் புற்று மண்ணில் தழை, மணிச் சத்துகளும் கால்சியம், பொட்டாசியம் போன்றவையும் பொதுவாகக் கூடுதல் என்பது அதன் முடிவு. புற்றின் மேல் வளரும் செடிகள் அதிகம் தழைக்கின்றன, அதிகம் விதை பிடிக்கின்றன. ஆனால் செடிகளின் அடர்த்தியோ வகைகளின் எண்ணிக்கையோ கூடவில்லை. எறும்பு குப்பையை எங்கே கொட்டுகிறது என்பதும் முக்கியம். வெளியே கொட்டினால் செடிக்கு எட்டும். ஆழத்தில் அறைக்குள் வைத்தால் மேலோட்டமான வேருக்கு எட்டாது.

இங்கிலாந்தின் பழைய மேய்ச்சல் நிலங்களில் மஞ்சள் எறும்புகள் கட்டும் மண்மேடுகள் வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். மேட்டின் மேல் முளைக்கும் செடிகளே வேறாக இருக்கும். மேடு எவ்வளவு பெரிது என்பதைப் பார்த்து, அந்த நிலம் எத்தனை காலமாக உழப்படாமல் கிடக்கிறது என்று அங்கே ஊகிக்கிறார்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு புற்றில் சத்து மிக அதிகமாக இருக்கலாம். ஆனால் நிலம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் புற்றுகள் பிடிக்கும் இடம் கொஞ்சம்தான். எறும்பை நம்பி எரு போடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

விளைச்சல் உண்மையிலேயே கூடுமா?

கூடியிருக்கிறது. வறண்ட நிலத்தில் விவசாயம் செய்கிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சோதனை மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. முடிவு 2011இல் வெளியானது. மழையை நம்பிய கோதுமை வயல். சில பாத்திகளில் பூச்சிக்கொல்லி போட்டு எறும்பையும் கறையானையும் விரட்டினார்கள். மற்றவற்றில் அவற்றை அப்படியே விட்டார்கள். விட்ட பாத்திகளில் கோதுமை விளைச்சல் 36 சதவீதம் அதிகம்.

காரணமாக இரண்டைச் சொன்னார்கள். முதலாவது, எறும்பும் கறையானும் குடைந்த வளைகள் வழியாக மழைத்தண்ணீர் மேலே ஓடி வீணாகாமல் உள்ளே இறங்கியது. இரண்டாவது, மண்ணில் தழைச்சத்து கூடியிருந்தது. தழைச்சத்தில் கறையானின் பங்கு கணிசம். அதன் குடலில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஆகவே 36 சதவீதம் முழுவதையும் எறும்பின் கணக்கில் எழுதக் கூடாது. அதேபோல, பாசன வசதியுள்ள நஞ்சையில் இதே அளவு பலனை எதிர்பார்க்கவும் கூடாது. தண்ணீர் தட்டுப்பாடு இருந்த இடம் என்பதால்தான் அங்கே வளைகளுக்கு அவ்வளவு மதிப்பு. நம் ஊர் மானாவாரி நிலங்களுக்கு இந்தச் சோதனை பொருந்திப் பார்க்கத் தகுந்தது என்று நினைக்கிறேன். குறிப்பாகச் செம்மண்ணில், ஒரு மழை அடித்து வெயில் காய்ந்ததும் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும் அல்லவா? அந்த ஓட்டைத் துளைத்து வைப்பவை இவை.

என் நிலத்தில் இதை நானே பார்க்க முடியுமா?

முடியும், செலவில்லாமல். ஒரு பழைய பால் பவுடர் டின்னை எடுத்து இரண்டு பக்கமும் வெட்டித் திறந்துகொள்ளுங்கள். பழைய புற்று ஒன்றின் ஓரத்தில், வாயிலை மூடிவிடாமல், டின்னை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் அழுத்துங்கள். அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, முழுக்க உறிஞ்ச எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு புற்று இல்லாத இடத்தில், பத்தடி தள்ளி, அதே டின், அதே அளவு தண்ணீர். இரண்டு மூன்று புற்றுகளில் செய்தால்தான் நம்பலாம். இறுகிய மண்ணில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தேரி மணல் போன்ற இடத்தில் தண்ணீர் எப்படியும் சட்டென்று இறங்கிவிடும், அங்கே இந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது.

மண்புழு இருக்கிறதே, அது போதாதா?

ஈரம் இருக்கும் வரை போதும். மண்ணைப் புரட்டும் அளவில் மண்புழுவோடு எறும்பு பொதுவாகப் போட்டி போட முடியாது. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் மேல்மண் காய்ந்ததும் மண்புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டுவிடும். எறும்பு அப்போதும் வேலை செய்யும். பனித்துளியைக்கூட விடாத எறும்புகள் உண்டு. டயகாமா என்ற பெரிய கருப்பு எறும்பு, வறண்ட காலத்தில் புற்று வாயிலைச் சுற்றிப் பறவை இறகுகளையும் செத்த எறும்புகளையும் அடுக்கி வைத்து, அதில் படியும் பனிநீரைக் குடிப்பதை 1985இல் மார்க் மாஃபெட் என்ற ஆய்வாளர் இந்தியாவில் பார்த்து எழுதினார்.

எறும்பு அமிலம் மண்ணைப் புளிப்பாக்கிவிடுமா?

ஆக்காது. ஃபார்மிக் அமிலம் எல்லா எறும்புக்கும் கிடையாது. ஒரு துணைக்குடும்பம்தான் அதைச் சுரக்கிறது. அதுவும் சீக்கிரம் ஆவியாகும், மிச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். அளந்து பார்த்த இடங்களில் நடந்ததே வேறு: புளிப்பான மண்ணில் புற்றின் கார அமில நிலை (pH) ஏறுகிறது, காரமான மண்ணில் இறங்குகிறது. இரண்டுமே நடுநிலையை நோக்கித்தான் போகின்றன.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது வெறும் பழமொழிதானா?

பழமொழி விடாமுயற்சியைப் பற்றியது. ஆனால் கல் தேய்வது உண்மை. அமெரிக்காவின் அரிசோனா, டெக்சாஸ் மாநிலங்களில் ரொனால்ட் டார்ன் என்ற புவியியல் ஆய்வாளர் எரிமலைப் பாறையை மணலாக நொறுக்கி எறும்புப் புற்றுகளிலும், பக்கத்து வெற்று நிலத்திலும், மர வேர்களுக்கு அருகிலும் புதைத்து வைத்து, 25 ஆண்டுகள் வரை அவ்வப்போது எடுத்துப் பார்த்தார். வெற்று நிலத்தோடு ஒப்பிட்டால் எறும்புகள் இருந்த இடத்தில் கனிமங்கள் 50 முதல் 300 மடங்கு வேகமாகக் கரைந்திருந்தன. 2014இல் இதை வெளியிட்டார். அந்தக் கனிமங்களில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தன. இரண்டும் பயிருக்கு வேண்டிய சத்துகள். பாறைக்குள் பூட்டிக் கிடந்தது, எறும்பு இருக்கும் இடத்தில் சீக்கிரம் வெளியே வருகிறது.

புற்று மண்ணை அள்ளித் தொட்டியில் போடலாமா?

முதலில் எந்தப் புற்று என்று பாருங்கள். நம் ஊரில் ‘புற்று மண்’ என்று சொல்வது பெரும்பாலும் கறையான் புற்றை. அதில் களி அதிகம், எச்சில் கலந்து இறுக்கிக் கட்டியது. கறையான் எறும்பு வகையே கிடையாது, அது கரப்பான் பூச்சிக்குச் சொந்தம்.

எறும்புப் புற்றில், வாயிலைச் சுற்றிப் புதிதாகக் கொட்டிய உருண்டை உருண்டையான மண் பெரும்பாலும் அடிமண். அதில் மக்கு குறைவு, சத்தும் குறைவு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வால்டர் சிங்கெல் என்பவர் உருக்கிய உலோகத்தை ஊற்றி எறும்புப் புற்றுகளை அச்செடுத்தார். விதை சேர்க்கும் எறும்பின் புற்று 3 மீட்டர் ஆழம் வரை போகிறது. அந்தக் கூட்டம் சராசரியாக வருடத்துக்கு ஒரு முறை இடம் மாறி, புதுப் புற்று தோண்டுகிறது. ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள மணல் மேலே வந்து பரவுகிறது. ஆகவே புது மண்ணை அள்ளி வருவதில் பிரயோஜனம் இல்லை. சத்து உள்ளது உமி வளையத்திலும், பல வருடம் குடியிருந்த பழைய புற்றிலும்தான். அதையும் அங்கேயே விடுவதுதான் சரி. எறும்பு காலி செய்துவிட்டுப் போன இடத்தில் ஒரு வெண்டையோ பூசணியோ ஊன்றிப் பாருங்கள்.

உழவு புற்றைக் கெடுக்காதா?

கெடுக்கும். ஆழ உழுதால் மேலறைகளும் வளைகளும் போய்விடும். ஆழத்தில் ராணி பிழைத்தால் கூட்டம் மறுபடி கட்டிக்கொள்ளும், ஆனால் அடுத்த மழைக்குள் அத்தனை வளையும் தயாராகாது. எல்லாப் பயிருக்கும் உழவை விடச் சொல்லவில்லை. வரப்பையும் வேலியோரத்தையும் மரத்தடியையும் கொத்தாமல் விட்டாலே நிறையக் கூட்டங்கள் தப்பிக்கும், அங்கிருந்து வயலுக்குள் வரும்.

தொட்டிச் செடியில் எறும்பு குடியேறிவிட்டது. இதுவும் நல்லதுதானா?

இங்கே நான் எறும்பின் பக்கம் பேச மாட்டேன். நிலத்தில் வளை இருந்தால் வேர் சுற்றிக்கொண்டு போகும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வேருக்கு வேறு போக்கிடம் இல்லை. வேரடியில் வெற்றிடம் விழுந்து செடி வாடும், ஊற்றிய தண்ணீர் வளை வழியாக நேரே அடித்துளைக்குப் போய்விடும். எறும்பு வந்ததே மண் நீண்ட நாள் காய்ந்து கிடக்கிறது என்பதற்கு அடையாளம். தொட்டியை ஒரு பெரிய வாளித் தண்ணீரில் விளிம்பு வரை அமிழ்த்தி அரை மணி நேரம் வையுங்கள். முட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். வெளியேற ஒரு குச்சியைச் சாய்த்து வைப்பது நல்லது. பிறகு மண்ணை அழுத்திவிட்டு, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால் திரும்பி வராது. மண்புழு உரத் தொட்டியிலும் எறும்பு கூடாது. சுற்றிலும் தண்ணீர் வாய்க்கால் விட்டால் ஏறாது.

அசுவினி, மாவுப்பூச்சி வருவது எறும்பால்தானே?

எறும்பு அவற்றைப் படைப்பதில்லை, காவல் காக்கிறது. இனிப்புக் கழிவுக்காகப் பொறிவண்டையும் குளவியையும் விரட்டிவிடுகிறது. அதனால் சாறு உறிஞ்சும் பூச்சி பெருகும். மண்ணுக்கு எறும்பு செய்யும் நன்மை உண்மை, செடிக்கு இந்த வழியில் வரும் கெடுதலும் உண்மை. புற்றில் மருந்து போடுவதைவிட, செடியில் ஏறும் வழியை மறிப்பது நல்லது. மரமாக இருந்தால் தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன் மேல் கிரீஸ் தடவலாம். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம். இனிப்பு நின்றால் எறும்பு வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

மா, முந்திரி மரங்களில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு மண்ணுக்கு என்ன செய்கிறது?

மண்ணைவிட இலைக்கே நேரடியாகச் செய்கிறது. முசுறின் எச்சத்தில் யூரியா இருக்கிறது. அது இலை மேல் விழுந்தால், அதிலுள்ள தழைச்சத்தைச் செடி இலை வழியாகவே எடுத்துக்கொள்கிறது என்று காபிச் செடிகளில் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடி பொறுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காய் பறிப்பவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

விதைத்த விதையைத் தூக்கிக்கொண்டு போகிறதே?

போகும். கீரை, எள், கேழ்வரகு போன்ற பொடி விதைகளில் இந்தத் தொல்லை அதிகம். விதையைச் சாம்பலோடு கலந்து தூவி உடனே மண் மூடுவது, நாற்றங்காலைச் சுற்றி அரிசிக் குருணை போட்டு எறும்பை அதில் மடக்குவது இரண்டுமே பழைய வழக்கம். மறுபக்கம், விதையை எறும்பு தூக்கிப் போவதையே நம்பியிருக்கும் செடிகளும் 11,000 இனங்களுக்கு மேல் உண்டு. ஆமணக்கு விதையின் நுனியில் வெள்ளையாக ஒரு சதைக் கொண்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். எறும்பு அதைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் எறியும். அந்தக் குப்பையில்தான் சத்து இருக்கிறது.

எந்த எறும்பு வந்தால் கவலைப்பட வேண்டும்?

நிலக்கடலை போட்டிருப்பவர்கள் டோரிலஸ் என்ற சிவப்பு எறும்பைக் கவனிக்க வேண்டும். கண் இல்லாத எறும்பு, மண்ணுக்கடியிலேயே வாழும். காயைத் துளைத்துப் பருப்பைத் தின்னும், உருளைக்கிழங்கையும் விடாது. தென் அமெரிக்காவில் இலைவெட்டி எறும்புகள் பயிரையே மொட்டையடிக்கின்றன. அவற்றின் குப்பைமேட்டில் சத்து கொட்டிக் கிடக்கிறது, அதே மேட்டிலிருந்து பூமியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவும் அதிகமாகக் கிளம்புவதைக் கோஸ்டா ரிக்காவில் அளந்திருக்கிறார்கள்.

நமக்கு இப்போது பெரிய கவலை மஞ்சள் பைத்திய எறும்பு. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் ஆடு மாடு மேய்க்க முடியாத அளவுக்கு அது பெருகியது. கடிக்காது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் கால்நடை தவிக்கும். மற்ற எறும்புகளையும் அது விரட்டிவிடும். அவை போனால் மேலே சொன்ன வேலைகளைச் செய்ய ஆள் குறையும்.

அது மண்ணை எப்படி மாற்றும் என்பதை இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் பார்த்திருக்கிறார்கள். அங்கே காட்டுத் தரையில் விழும் சருகைத் தின்று மண்ணில் சேர்ப்பவை சிவப்பு நண்டுகள். 1990களில் பைத்திய எறும்புகள் பெருங்கூட்டங்களாகி ஒரு கோடிக்கு மேற்பட்ட நண்டுகளைக் கொன்றன. நண்டு போன இடங்களில் சருகு மக்காமல் தேங்கியது, கன்றுகள் புதராக மண்டின, காட்டின் தரையே மாறிப்போனது. அந்த எறும்புகளுக்குத் தீனி போட்டது மரங்களில் இருந்த செதில் பூச்சியின் இனிப்புக் கழிவு. அதனால் 2016 டிசம்பரில், மலேசியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு நுண்குளவியை அங்கே விட்டார்கள். அது எறும்பைத் தொடாது, செதில் பூச்சியைத்தான் கொல்லும்.